தூக்கத்துக்கே டீ போட்டுக் கொடுத்தவர்

சங்கரன்கோவில் பாதையில் இருக்கும் அந்த நூல் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஷிப்ட் மாற்றிக் கேட்டால் லேபர் ஆபீசர் எபநேசர் தன் அறையில் வைத்து விசாரிக்க மாட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு ஷிப்ட் மாறும்போது கேன்டீனுக்கு வருவார். டீயை வாங்கி வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் கேட்பார். ‘அவனுக்கு மட்டும் எப்படிக் கொடுத்தீங்க’ என்று பின்னால் ஒருத்தரும் முணுமுணுக்கக் கூடாதாம். நல்ல ஏற்பாடுதான். பால்வண்ணம் மாதிரி ஆளுக்கு மட்டும் இதைவிடப் பெரிய ஆபத்து வேறு கிடையாது.

பால்வண்ணம் நூல் நூற்கிற ரிங் பிரேம் மிஷினில் அறுந்த நூலை ஒட்டுகிறவர். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் நள்ளிரவு வரைக்கும் அரை நைட், அதற்கடுத்து விடியும்வரை முழு நைட் என்று இருபத்திரண்டு வருஷம் ஓட்டியாயிற்று. கடைசி ஏழு வருஷமாகத் தூக்கம் கெட்டுப்போயிருந்தது. நிஜம் இவ்வளவுதான்: படுப்பார், புரளுவார், எப்படியோ ஆறு மணி நேரம் தூங்கவும் செய்வார். எழுந்தால் அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலிக்கும், கண் எரியும், தூங்கினதற்கு அடையாளமே இருக்காது. போன மாதம் ஓடுகிற மிஷின் பக்கத்தில் நின்றபடியே கண் சொருகிவிட்டது. விரல் தப்பியது அவர் பெண்டாட்டி கும்பிட்ட சாமி புண்ணியம். அதிலிருந்து மிஷினுக்குள் கையை விடுமுன் ஒவ்வொரு தடவையும் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொள்வார்.

கழிவுப் பஞ்சு குடோனில் ஒரு வேலை காலியாகியிருந்தது. ஜெனரல் ஷிப்ட். காலை எட்டுக்குப் போய் ஐந்துக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். தூக்கம் சரியில்லை என்று காரணம் எழுதி அதைக் கேட்டிருந்தார் பால்வண்ணம். நூற்ற நூலைக் கோனில் சுற்றும் வைண்டிங்கில் வேலை பார்க்கும் ஆவுடைத்தங்கமும் அதே காரணத்தை எழுதி அதே வேலையைக் கேட்டிருந்தாள்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது உள்ளதை உள்ளபடி சொல்வதாகத்தான் தீர்மானம். சைக்கிளில் வரும் வழியெல்லாம் சொல்லியும் பார்த்துக்கொண்டார். கேன்டீனுக்குள் நுழைந்தால் முப்பது பேர் டம்ளரும் கையுமாக இவர் வாயையே பார்க்கிறார்கள். முப்பது பேர் கூடின இடத்தில் ‘எந்திரிச்சா தூங்காத மாதிரியே இருக்கு’ என்று சொல்வதற்கா ஆண்டவன் இவருக்கு அப்படி ஒரு நாக்கைக் கொடுத்தான்?

“என்ன பால்வண்ணம், தூக்கம் சரியில்லையா?” என்றார் எபநேசர்.

“சரியில்லையாவா? நான் கண்ணை மூடி ஏழு வருஷம் ஆச்சு சார்.”

“இப்பதான வே மூடித் தொறந்தீரு,” என்றார் கோமதிநாயகம். ரிங் பிரேமில் பக்கத்து மிஷின்காரர். பால்வண்ணம் எதைச் சொன்னாலும் அதைத் தட்டிப் பார்ப்பது இவருக்கு உபதொழில்.

“அது சிமிட்டுறது. அதெல்லாம் தூக்கத்துல சேராது. குறுக்க பேசாம கேளும். வைத்தியம் பாக்காமலா இருந்தேன் சார்? மொதல்ல கசகசாவை அரைச்சுப் பால்ல கலந்து ஒரு டம்ளர் குடிச்சேன். கேக்கல. ஒரு செம்பு குடிச்சேன். கேக்கல. கடைசில அண்டா வச்சுக் காய்ச்சிக் குடிச்சேன். எனக்கு ஒரு கொட்டாவி வரணுமே! அண்டாவோட அடியை நக்கின பூனை தைப்பொங்கலுக்குப் படுத்தது, சித்திரைலதான் எந்திரிச்சது. அதுக்குள்ள எலியெல்லாம் சேந்து அது முதுகுல பந்தல் போட்டு ரெண்டு கல்யாணத்தை முடிச்சிட்டு.”

“எங்களுக்குப் பத்திரிகை வரலியே?” என்றார் கோமதிநாயகம்.

“வீட்டுக்காரன் நான், எனக்கே வைக்கல, ஒமக்கு வைப்பாங்களாக்கும்?”

கேன்டீன் சிரித்தது. சிரிப்புச் சத்தம் காதில் விழுந்ததோ இல்லையோ, எதற்காக வந்தோம் என்பது பால்வண்ணத்துக்கு மறந்துபோயிற்று. எபநேசர் மட்டும் சிரிக்காமல் தாளில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். ஆபீசரே குறிப்பெடுக்கிறார் என்றதும் இவருக்கு இன்னும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது.

“அப்புறம் மருதாணிப்பூவைத் தலையணைல அடைச்சுப் படுத்தா தூக்கம் சொக்கும்னாங்க. ஒரு பிடி ரெண்டு பிடி வச்சா எனக்குக் கேக்குமா? அஞ்சு ஊர்ப் பூவை மூட்டையா மூட்டையா அடைச்சேன். தலை வச்சேன். நான் முழிச்சேதான் கெடந்தேன். ஆனா வாசம் சன்னல் வழியா ரோட்டுக்குப் போயிட்டு. அந்த நேரம் பாத்து சங்கரன்கோவில் பஸ் வருது. டிரைவர், கண்டக்டர், உள்ள இருந்த அம்பத்தெட்டு சனம், மொத்தமும் தூங்கிட்டு. பஸ் பாட்டுக்கு வளைவுல வளைஞ்சு, ஸ்டாப்ல நின்னு, ஆள ஏத்திக்கிட்டுப் போயி பஸ் ஸ்டாண்டுல அதோட எடத்துல நிக்குது.”

“அப்ப டிக்கெட் யாரு கிழிச்சா?” என்றார் கோமதிநாயகம்.

“கண்டக்டர்தான், தூங்கிக்கிட்டே கிழிச்சான். மீதிச் சில்லறை மட்டும் குடுக்கல. அது முழிச்சிருந்தாலும் குடுக்க மாட்டான்.”

இந்த இடத்தில் கேன்டீன்காரரே அடுப்பைச் சிறுசாக்கிவிட்டு வந்து நின்றுகொண்டார். இனி பால்வண்ணத்தைப் பிடிக்க ஆள் ஏது?

“பெறகு ஒரு பெரியவர் சொன்னாரு, தலை வைக்குற தெச சரியில்லன்னு. வடக்க கூடாது, சரி. கெழக்க வச்சேன், தெக்க வச்சேன், மூலைக்கு மூலை வச்சேன். ஒண்ணும் ஆகல. எந்தத் தெசைன்னு அதுவே தேடிக்கிடட்டும்னு வண்டிச் சக்கரத்தைப் படுக்கப் போட்டு அதுமேல கட்டிலை ஏத்தி ஒரு சுத்து விட்டேன். அது நிக்கவே இல்ல சார்! நம்ம மிஷின் தோத்துப் போகும், அப்படி ஒரு சுத்து. காலைல வீட்டுக்காரி வந்து பாக்கா, நான் கோவணத்தோட கெடக்கேன். கட்டியிருந்த வேட்டி அவ்வளவும் நூலாப் பிரிஞ்சு, நாப்பதாம் நம்பர் சன்னத்துல, ஒரு அறுப்பு இல்லாம கட்டில் கால்ல சுத்தியிருக்கு.”

“அறுப்பு இல்லாமலா?” என்றார் கோமதிநாயகம். “மில்லுல ஒம்ம மிஷின்ல நிமிசத்துக்கு ஒண்ணு அறுவுதே வே?”

“அது மில்லுப் பஞ்சு. இது என் வேட்டி.”

எபநேசர் டீயை ஒரு வாய் குடித்தார். “அதுக்கப்புறம்?” என்றார்.

“அதுக்கப்புறம் என்ன சார், அதுவே வந்துட்டு.”

“எது?”

“தூக்கம். நேர்ல. ஒரு மத்தியானம் வாசல்ல வந்து நிக்குது. ஆளு பாவம், மெலிஞ்சு, கையக் கட்டிக்கிட்டு. ‘அண்ணாச்சி, ஊர்ல எல்லா வீட்டுக்கும் போறேன், வாறேன். ஒங்க வீட்டு நடையைத் தாண்ட மட்டும் எனக்குத் தெம்பு இல்ல’ன்னு அழுவுது. வீடு தேடி வந்தத சும்மா அனுப்பலாமா? உள்ள கூட்டிட்டு வந்து, ஏலக்காய் தட்டி, டீ போட்டுக் குடுத்தேன். மூணு டம்ளர் குடிச்சது. அவ்வளவுதான், அன்னைலருந்து தூக்கத்துக்கே தூக்கம் போச்சு. இப்ப ஊர்ல எவனுக்கும் சரியாத் தூக்கம் வரலைங்கானே, காரணம் தெரியாம டாக்டர்மாரெல்லாம் முழிக்காங்க. நான்தான் காரணம்.”

மேசை தட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. எபநேசர் பேனாவை மூடினார்.

“ரொம்ப நல்லது பால்வண்ணம். முழு நைட்டுல பாதிப்பேரு மூணு மணிக்கு மேல சாஞ்சுர்றாங்க. தூக்கமே வராத ஒரு ஆளைத்தான் நானும் தேடிக்கிட்டு இருந்தேன். இனிமே வாரா வாரம் மாற வேண்டாம். நிரந்தரமா முழு நைட்டே பாத்துக்கிடுங்க.”

பால்வண்ணத்துக்கு ஓடுகிற மிஷினும் தன் விரல்களும் ஒருசேரக் கண்ணுக்கு முன்னால் வந்தன. அப்போதாவது உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வேகமாகப் போகிற நாக்குக்கு பிரேக் பிடிக்கத் தெரியாது, திருப்பத்தான் தெரியும்.

“சார், சார்! நான் இன்னும் முடிக்கல சார். போன வெள்ளிக்கிழமை மருந்து கெடச்சிட்டு. தென்மலைப் பக்கம் ஒரு வேர். மோந்துதான் பாத்தேன். தூங்குனேன் பாருங்க, குறட்டைல வீட்டு ஓடெல்லாம் பறந்து பக்கத்து வீட்டுக் கூரைல போய் வரிசையா அடுக்கிக்கிட்டு. செத்துட்டேன்னு நெனச்சு சங்கு ஊதுனாங்க, கொட்டு அடிச்சாங்க. ம்ஹூம். பாடைல வச்சுத் தூக்கிட்டுப் போறாங்க. ஊர் எல்லை தாண்டினப்புறம்தான் கண்ணத் தொறந்து, ‘ஏலே, ஆட்டம் நல்லா இருக்கு, இன்னொரு சுத்து தூக்கிட்டுப் போங்கலே’ன்னு சொல்லிட்டு மறுபடி தூங்கிட்டேன். இப்படித் தூங்குறவன நைட்டுல போடலாமா சார்?”

“போடக் கூடாதுதான்,” என்று எபநேசர் தாளில் ஒரு கோடு இழுத்தார். “நோய் தீந்துட்டே. அப்ப எதுக்கு குடோன் வேலை? பழையபடி மூணு ஷிப்டும் மாறி மாறி வாங்க. ஆவுடைத்தங்கம், ஒங்களுக்கு என்னம்மா?”

ஆவுடைத்தங்கம் சுவரோரமாக நின்றிருந்தாள். தலையில் ஒட்டின பஞ்சைக்கூடத் தட்டிவிடவில்லை.

“தூங்கத்தான் செய்றேன் சார். எந்திரிச்சா தூங்காத மாதிரியே இருக்கு.”

அவ்வளவுதான் சொன்னாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எபநேசர் அவளுடைய கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“திங்கட்கிழமை காலைல எட்டு மணிக்கு குடோனுக்கு வந்துருங்கம்மா.”

பால்வண்ணம் அப்படியே நின்றுவிட்டார். வரும் வழியெல்லாம் சைக்கிளில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு அது. ஒரு சொல்கூடக் கூடக்குறைய இல்லை. அவருக்கு அவமானமாக இருந்தது, அதைவிட அழுகையாக வந்தது. ஆபீசர் எழுந்து வாசலுக்குப் போவதைப் பார்த்ததும் டம்ளரைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

“சார், எனக்கும் அதேதான் சார். ஆறு மணி நேரம் தூங்கத்தான் செய்றேன். எந்திரிச்சா அலுப்பு தீரல. மிஷின்கிட்ட நிக்கப் பயமா இருக்கு சார்.”

எபநேசர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

கோமதிநாயகம்தான் முதலில் மேசையை ஓங்கித் தட்டினார்.

“ஏ யப்பா! இத்தன நேரம் சொன்னதெல்லாத்தையும் நம்பிட்டேன் சார். இது மட்டும் பச்சப் புளுகு!”