பூனைவணங்கி

சந்தை கூடினால் போதும், மருந்துக் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு "சஞ்சீவி, சஞ்சீவி" என்று தொண்டை கிழியக் கூவுகிறாயே, உன்னைத்தான். அது யாருடைய சொல் என்று ஒருநாளாவது கேட்டிருப்பாயா? இப்போது கேட்டுக்கொள்.

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது. மலைச்சரிவில் மூலிகைகள் கூட்டமாக வாழ்ந்தன. சஞ்சீவி என்றால் எந்த நோயையும் தீர்த்து உயிரை மீட்பது என்று பொருள். ஆனால் அது எந்தச் செடிக்கும் பெயர் இல்லை. படுத்துக் கிடந்தவர் எழுந்து, தன் காலில் நடந்து வந்து, குணமாக்கிய செடியின் முன் நின்று அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். அன்று பொழுது சாயும் வரை அந்தச் செடி சஞ்சீவி. நேற்று தும்பை என்றால் இன்று கீழாநெல்லி. எழுந்தவருக்குத் தன் நோய்தான் உலகத்து நோய் எல்லாம், அவ்வளவுதான் கணக்கு.

அங்கே மேனி என்றொரு சின்னச் செடி இருந்தாள். பாறை இடுக்கில் பிறந்தவள். ஒரு பிடி மண்ணுக்காகப் பெரிய வேர்களோடு மல்லுக்கட்டி வளர்ந்ததால் நாக்கில் காரம் அதிகம்.

ஒருநாள் நல்லுடையான் என்ற மருந்து வியாபாரி மலையேறி வந்தான். சஞ்சீவி என்ற சொல்லை மட்டும் தன் குடத்துக்குக் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் வேலி போட்டு, தினமும் தண்ணீர் ஊற்றுவதாகச் சொன்னான். செடிகள் குளிர்ந்துபோயின. மேனி மட்டும் விடவில்லை.

"இரு ஐயா. குடிப்பதற்கு முன்னாலேயே நீ சஞ்சீவி என்று சொல்லிவிடுவாய். குடித்தவன் எழவில்லை என்றால்?"

நல்லுடையான் சிரித்தான். "எழாதவன் சந்தைக்கு வந்து சண்டை போடப் போகிறானா, தாயி?"

பேரம் அங்கேயே முறிந்தது, மேனிக்கு மட்டும். மற்றவர்கள் தலையாட்டிச் சொல்லைக் கொடுத்துவிட்டார்கள். அவள் தன் வேரைத் தானே பிடுங்கிக்கொண்டு மலையை விட்டு இறங்கினாள். வேலியும் தண்ணீரும் இல்லாத இடம் ஊருக்குள் குப்பைமேடு ஒன்றுதான் இருந்தது. அந்தக் குப்பைமேட்டில் போய் ஊன்றிக்கொண்டாள். மகாராணி குப்பையில் கொலுவிருக்கிறாள் என்று மலையே சிரித்தது. குப்பைமேனி என்று பட்டமும் கட்டியது. அவள் அசரவில்லை.

சில நாள் கழித்து ஒரு சாம்பல்நிறப் பூனை வயிற்றை இழுத்துக்கொண்டு வந்து அவள் காலடியில் விழுந்தது. நல்லுடையானின் குடத்து மருந்தை மூன்று நாளாக நக்கியும் வலி தீரவில்லையாம். கண்ணில் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சஞ்சீவி என்றானே அக்கா," என்று முனகியது.

"அவன் சொன்னதை விடு. உனக்கு எங்கே வலி, அதைச் சொல். பாம்புக்கடி என்றால் என்னால் ஆகாது. வயிற்றுப் பூச்சி என்றால் வேரைத் தோண்டித் தின்னு."

பூனை தோண்டித் தின்றது. குப்பையில் புரண்டது, கக்கியது, அப்படியே தூங்கிப்போனது. விடிந்ததும் நான்கு காலில் எழுந்து நின்று, பழைய வழக்கப்படி அந்தச் சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தது.

"வேண்டாம்," என்றாள் குப்பைமேனி. "அது விலைபோன சொல். அதை என் மேல் ஒட்டாதே."

பூனைக்கு வேறு சொல் தெரியாது. அதனால் ஊர் பார்க்கத் தலையைத் தாழ்த்தி வணங்கியது. யாருக்கும் தலைவணங்காத பூனை.

அன்று முதல்தான் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர். இன்றும் பூனைகள் அவளைத் தேடி வந்து, வேரைக் கிளறி, அவள் காலடியில் புரள்கின்றன. அவள் யாரையும் கூவி அழைத்ததில்லை. நீதான் இன்னும் கூவிக்கொண்டிருக்கிறாய். குடத்தை இறக்கு. குடித்தவன் எழுந்து வந்து சொல்லட்டும். அதுவரை வாயை மூடிக்கொண்டு, அந்தச் சொல்லைக் கொண்டுபோய் மலையில் வைத்துவிட்டு வா.