வெறும் பலகையும் நெட்டேரி மதகும்

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். எந்த நாடு, என்ன பேர் என்று கேட்டு என் பொறுமையைச் சோதிக்காதீர்கள். பொறுமையைச் சோதிக்கிறவர்கள் இந்தக் கதைக்குள்ளேயே வேண்டிய மட்டும் இருக்கிறார்கள். அரசர் நல்லவர்தான். நீதி நியாயம் தெரிந்தவர். ஆனால் பாட்டுக் கட்டுகிற ஆசை மட்டும் அவரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

ஒரு நாள் மாம்பழத்தைப் பற்றி நீளமாக ஒரு பாட்டுக் கட்டி, அதைச் சபையில் தாமே பாடினார். கண்ணை மூடிக்கொண்டு பாடுவது அவர் வழக்கம். வடுமாங்காயில் தொடங்கிக் கொட்டை வரைக்கும் பாடி முடித்துக் கண்ணைத் திறந்தால், சபையில் பாதி ஆசனம் வெறுமையாகக் கிடக்கிறது. ஒருவருக்கு வயிற்றுவலியாம், இன்னொருவர் வீட்டில் பசு கன்று போடுகிறதாம். விகடகவி அம்பலவாணன் மட்டும் கண்ணை மூடித் தலையை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தான். உண்மையில் அவன் தூங்கிப் போயிருந்தான். அரசரோ அவன் பாட்டில் கரைந்துவிட்டான் என்று நினைத்துக் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். மற்றவர்கள் மேல் வந்த கோபத்தில் அங்கேயே ஆணையும் பிறப்பித்தார்.

"இன்று முதல் எம் நாட்டில் எந்தச் சபையிலாவது ஓர் இருக்கை வெறுமையாக இருக்குமானால், அந்தச் சபை எடுக்கும் முடிவு எதுவும் செல்லாது."

அரண்மனைச் சபையோடு விட்டிருந்தால் வம்பில்லை. பிரதானி திருவேங்கடநாதர் என்று ஒருவர் இருந்தார். பாட்டின் நடுவே நழுவிப் போனவர்களில் முதல் ஆள் அவர்தான். அதை மறைக்க வேண்டுமே. ஓடி வந்து கைகட்டி நின்று, இவ்வளவு உயர்ந்த ஆணை பட்டிதொட்டியில் இருக்கிற ஊர்ச்சபைகளுக்கும் பொருந்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அரசருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. முரசறைகிறவர்கள் ஊர் ஊராகக் கிளம்பினார்கள்.

நெட்டேரி என்று ஓர் ஊர். ஊருக்கு மேற்கே பெரிய ஏரி, ஊருக்கு நடுவே ஒரு சாவடி. அந்தச் சாவடியில்தான் ஊர்ச்சபை கூடும். தெருவுக்கு ஓர் ஆள் வீதம் சபைக்காரர்கள் உண்டு. ஒவ்வொருவரும் தம் சொந்தச் செலவில் ஒரு பலகை செய்துகொண்டு வந்து போட்டு, அதில் உட்கார்ந்துதான் ஊர்க்காரியம் பேச வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். முரசு அறைந்த சமயத்தில் கீழத்தெருச் சபைக்காரர் வெள்ளையப்பன் காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பலகை மட்டும் சாவடியில் வெறுமையாகக் கிடந்தது. வேறு ஆளை உட்கார வைக்கலாம்தானே என்பீர்கள். வேறு ஆளை உட்கார வைப்பது என்று முடிவெடுக்க வேண்டியது யார்? சபை. சபை முடிவு செல்லுமா? செல்லாது, ஓர் இருக்கை வெறுமையாக இருக்கிறதே. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

இந்த நேரம் பார்த்து, பல வருஷமாகவே கசிந்துகொண்டிருந்த ஏரி மதகின் அடைப்புப் பலகை உளுத்துப்போய்ப் பிளந்துகொண்டது. தண்ணீர் இரவும் பகலும் வீணாக ஓடி ஓடைக்குப் போயிற்று. மழைக்காலம் முடிந்துவிட்டது, பயிர் கதிர் விடப் போகிற பருவத்தில் பொதி கட்டி நிற்கிறது. இருக்கிற தண்ணீரை வைத்துத்தான் அறுப்பு வரைக்கும் ஓட்டியாக வேண்டும். ஆனால் மதகு சபையின் பொறுப்பு. சபை சொல்லாமல் அதில் கை வைத்தவனுக்குத் தண்ணீர் முறை கிடையாது என்று கட்டுப்பாடு. ஆகவே தச்சன் உளியை எடுக்கமாட்டேன் என்றான். பொதுத்தோப்பில் மரம் வெட்டவும் சபை சொல்ல வேண்டும்.

சபைக்காரர்களுக்குக் கிணறு இருந்தது, அவர்கள் நிதானமாகத்தான் இருந்தார்கள். வெள்ளையப்பன் பெண்சாதி ஒய்யம்மாளுக்குக் கிணறு இல்லை. புருஷன் விட்டுப்போனது மதகுக்குக் கீழே ஒரு துண்டு வயல், அவ்வளவுதான். அது காய்ந்தால் அந்த வருஷம் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. அவள் தினமும் விடிந்ததும் மண்ணையும் வைக்கோலையும் அள்ளிக்கொண்டு போய், கட்டுப்பாடாவது ஒன்றாவது என்று பிளவில் திணிப்பாள். மத்தியானத்துக்குள் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பொறுத்துப் பார்த்தவள் ஒரு நாள் தலைநகருக்கே நடந்து, அரசர் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

அரசர் கேட்டார். கேட்டதும் சங்கடப்பட்டார். போட்ட ஆணையை ஒரு மதகுக்காக மாற்றினால் நாளைக்கு யார் மதிப்பார்கள் என்று மீசையைத் தடவினார். பிரதானிக்கு முத்துமாலை ஞாபகம் உறுத்திக்கொண்டே இருந்ததல்லவா, மெல்ல முன்னுக்கு வந்தார்.

"மகாராஜா, தங்கள் பாட்டையே முழுதாக உணர்ந்த அம்பலவாணனுக்கு இது ஒரு பொருட்டா? அவன் நெட்டேரிக்குச் செல்லட்டும். தங்கள் ஆணை ஓர் எழுத்தும் மாறலாகாது. அரண்மனையிலிருந்து ஆளோ மரமோ போகலாகாது. நெட்டேரிச் சபை முடிவெடுத்து, நெட்டேரி ஆட்களே மதகை அடைக்க வேண்டும். முடியாவிட்டால் அவன் இந்தச் சபையில் மீண்டும் காலடி வைக்கலாகாது."

அரசருக்கு அது நல்ல வழியாகப் பட்டது. அம்பலவாணன் ஒய்யம்மாளைப் பார்த்தான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்து, இந்த ஆளா என்று முகத்தைச் சுளித்தாள். அந்த முகச்சுளிப்போடுதான் இருவரும் நெட்டேரி போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் காலையில் சபை கூடியது. அம்பலவாணன் ஒரு தூணோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். சபைப் பெரியதனம் உடையாண்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அன்றைய காரியங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கோயில் காளை யாரோ போட்ட கத்தரிச் செடியை மேய்ந்துவிட்டது. மேலத்தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு நாறுகிறது. சாவடி கூட்டுகிறவள் புதுத் துடைப்பம் கேட்கிறாள். மதகு உடைந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் ஆற அமரப் பேசினார்கள். ஒவ்வொன்றிலும் எல்லாருக்கும் ஒரே அபிப்பிராயம்தான், சண்டையே இல்லை. பேசி முடித்ததும் எல்லாருமாகத் திரும்பி வெள்ளையப்பனின் வெறும் பலகையைப் பார்ப்பார்கள். ஒரு பெருமூச்சு. வெற்றிலைத் தட்டு ஒரு சுற்று வரும். அடுத்த காரியம். துடைப்பத்துக்குக்கூட அதே கதி. முடிவெடுக்க முடியவில்லை என்று அரசருக்கு விண்ணப்பம் எழுதலாமா என்று போன வாரம் பேசினார்களாம். எழுதுவதா வேண்டாமா என்பதும் ஒரு முடிவாகப் போனதால் அதையும் விட்டுவிட்டார்களாம். இதைப் பெரியதனம் கொஞ்சம் பெருமையோடு வேறு சொன்னார்.

வெயில் ஏறியது. சபை கலையட்டும் என்று பெரியதனம் துண்டை உதறித் தோளில் போட்டார். அம்பலவாணன் எழுந்து வழியை மறித்துக்கொண்டு நின்றான்.

"மன்னிக்க வேண்டும் பெரியவரே. சபையைக் கலைப்பதும் சபையின் முடிவுதானே? ஓர் இருக்கை வெறுமையாக இருக்கிறது. நீங்கள் கலைந்தது செல்லாது. உட்காருங்கள்."

பெரியதனம் விழித்தார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரண்மனையிலிருந்து வந்தவன், அரசாணையைச் சொல்கிறான், மீறினால் என்ன ஆகுமோ. முணுமுணுத்துக்கொண்டே பலகையில் திரும்ப உட்கார்ந்தார்கள். இத்தனை நாள் செல்லாத முடிவெடுத்துக் கலைந்து போனதற்கு என்ன தண்டனையோ என்று ஒருவருக்கு வியர்த்துவிட்டது.

சாப்பாட்டு நேரம் வந்து, அதுவும் போயிற்று. வெற்றிலை தீர்ந்தது. வயிறு கடமுடா என்றது. வீட்டுப் பெண்கள் சாவடி வாசலில் வந்து நின்று, குழம்பு ஆறுகிறது, இன்னும் என்ன பேச்சு என்று சத்தம் போட்டார்கள். இதுவரை மதகைப் பற்றி அவ்வளவு சாந்தமாகப் பேசிய மனிதர்களுக்கு இப்போது எரிச்சல் தாங்கவில்லை. இது என்ன ஆணை, இதைப் போட்டவருக்கு வேறு வேலையே இல்லையா என்று பல்லைக் கடித்தார்கள். அம்பலவாணனுக்கும் பசிதான். அவன் காட்டிக்கொள்ளவில்லை.

அப்போது ஒய்யம்மாள் வந்தாள். முழங்கை வரைக்கும் சேறு. அன்றைக்குத் திணித்த வைக்கோலும் போய்விட்டது. சாவடிப் படியில் நின்று ஒரு பாட்டம் கொட்டித் தீர்த்துவிட்டாள். ஏரியில் இடுப்பளவு நின்ற தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டதாம், பயிர் நுனி மஞ்சளடிக்கிறதாம், இவர்கள் ஒரு வேளைச் சோற்றுக்கு இந்தப் பாடு படுகிறார்களாம்.

அம்பலவாணன் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"தாயே, அந்த வெறும் பலகை யாருடையது?"

"ஏன், எங்க வீட்டுதுதான். கல்யாணத்துக்கு எங்கப்பன் குடுத்த வேங்கை மரத்துல அவரு அறுத்துப் போட்டது."

"உங்கள் வீட்டுப் பொருளை உங்கள் வீட்டுக்கு எடுத்துப்போக யார் முடிவெடுக்க வேண்டும்?"

ஒய்யம்மாள் அவனைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். "நான்தான்" என்றாள். விடுவிடுவென்று உள்ளே வந்து, புருஷன் உட்கார்ந்திருந்த அந்தப் பலகையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போய் நின்றுவிட்டாள்.

சபையில் இருந்தவர்கள் திரும்பி அந்த இடத்தைப் பார்த்தார்கள். வெறும் இருக்கை இல்லை. வெறும் தரைதான் இருந்தது. கிடக்கிற பலகையில் எல்லாம் ஆள் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நாளும் அந்தப் பலகையில் யாரை உட்கார வைப்பது என்றே யோசித்து மண்டை காய்ந்தவர்களுக்குப் பலகையை எடுத்துவிடலாம் என்று ஒரு தடவை தோன்றவில்லை. என்னத்தைச் சொல்ல!

மதகை அடைப்பது என்று அந்த நிமிஷமே முடிவாயிற்று. உடனே, தோப்பில் எந்த மரத்தை வெட்டுவது என்று ஆரம்பித்தார்கள். வாகையா, வேம்பா? பச்சை மரம் கோணுமே, வெட்டிக் காயப்போட்டால் எப்போது காய்வது? அம்பலவாணனுக்கே அழுகை வந்துவிட்டது. ஒய்யம்மாள் தலையிலிருந்த பலகையை அவர்கள் நடுவே தொப்பென்று இறக்கினாள்.

"இது காஞ்ச கட்டை. இதைக் கொண்டுபோய்ச் சொருகுங்க. சொருகிட்டுப் போய்ச் சாப்பிடுங்க."

சாப்பாடு என்ற சொல் காதில் விழுந்ததும் சபை ஏகமனதாக ஒப்புக்கொண்டது. கலைவது என்றும் முடிவெடுத்துவிட்டு ஓடியது. தச்சன் பலகையின் விளிம்பைச் சீவி, பொழுது சாய்வதற்குள் மதகில் இறக்கிவிட்டான். ஓட்டம் நின்றது.

அரண்மனையில் இதைக் கேட்ட பிரதானிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சேதி சொல்ல வந்த அம்பலவாணனும் ஒய்யம்மாளும் சபையில் நிற்க, அவர் அரசர் முன் வாதத்தை எடுத்தார்.

"மகாராஜா, இது தந்திரம். வெள்ளையப்பனின் இருக்கையை இடம் மாற்றினால் அது இருக்கை இல்லையென்று ஆகிவிடுமா? சாவடியில் இருந்தாலும் மதகில் இருந்தாலும் அது சபையின் இருக்கையே. இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. ஆகவே சபையின் முடிவு செல்லாது. அந்தப் பலகையைப் பிடுங்கிப் பழைய இடத்தில் போட வேண்டும்."

அரசர் தயங்கினார். வாதத்தில் ஓட்டை இல்லையே என்று அவருக்குத் தோன்றியது. அம்பலவாணன் பணிவாக வணங்கினான்.

"பிரதானியார் சொல்வது சரி, மகாராஜா. அது இருக்கைதான். ஆனால் அது வெறுமையாக இல்லை. நெட்டேரி ஏரி முழுதும் அதில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அடியேன் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன். பிரதானியாருக்கு அந்த இடம் வேண்டுமானால், அவரே நேரில் போய் ஏரியை எழுந்திருக்கச் சொல்லட்டும்."

அரசர் முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. சிம்மாசனம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒய்யம்மாளைப் பார்த்து, உனக்கு என்ன வேண்டும், கேள் அம்மா என்றார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் சாமி. எங்க வீட்டுக்காரரு அந்தப் பலகையில உக்காந்து ஆயுசு பூரா மதகைப் பத்திப் பேசுனாரு. பேசுன வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி நின்னதில்ல. அவரு போனப்புறம்தான் நிக்குது. அதை யாரும் புடுங்காம இருந்தாப் போதும்."

அரசருக்குச் சிரிப்பு அடங்கிப் போயிற்று. ஊர்ச்சபைகளுக்கு இனி அந்த ஆணை இல்லை என்று அங்கேயே அறிவித்தார். அம்பலவாணனைக் கூப்பிட்டுத் தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையைப் போர்த்தி, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"நெட்டேரிச் சபையில் காரியங்கள் நிறையத் தேங்கிக் கிடக்கின்றன, மகாராஜா. காளை, சாக்கடை, துடைப்பம் எல்லாம் பேசி முடிகிற வரையில், அரண்மனை சார்பில் பெரிய மனிதர் ஒருவர் அங்கே உட்கார்ந்து கேட்டால் நன்றாயிருக்கும். பிரதானியாரைவிடப் பொருத்தமானவர் யார்?"

அரசர் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார், அப்படியே ஆகட்டும் என்று கையை மட்டும் ஆட்டினார். பிரதானி மூட்டை கட்டிக்கொண்டு நெட்டேரிக்குப் போனார். சாக்கடையில் வழித்த சேற்றை எந்தப் பக்கம் போடுவது என்று சபையில் இன்னும் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. ஒய்யம்மாள் அதற்கெல்லாம் நிற்கவில்லை. வயலில் களை பறிக்கிற வேலை பாக்கி இருந்தது, அவள் அதைப் பார்க்கப் போய்விட்டாள்.