அழிக்கும் பக்கம்

விருத்தாசலத்தில் எங்களுக்கு ஒரு குரு உண்டு. குரு என்று கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். டீச்சர் என்றால் திரும்பிப் பார்ப்பார். பெயர் பர்வீன். கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறவர். வயது நாற்பதுகூட ஆகவில்லை.

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஓய்வூதியர் சங்கக் கட்டடத்தின் மாடியில் கூடுவோம். பழைய கம்ப்யூட்டரையோ லேப்டாப்பையோ வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பழைய மிஷினையும் வேகமாக ஓடவைக்கும் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுப்போம். கட்டணம் கிடையாது. எங்களுக்கென்று வாங்கி வைக்கும் டீயையும் வந்தவர்களே குடித்துவிடுவார்கள்.

டீச்சரின் சீடர் கலியபெருமாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அப்பா வயது. அவருடைய கைவேகம் எங்களில் ஒருவருக்கும் கிடையாது. அது அவருக்கும் தெரிந்திருந்ததுதான் சங்கடம்.

லினக்ஸ் போடும்போது ஒரு பக்கம் வரும். இந்த வட்டில் உள்ளவை எல்லாம் அழிக்கப்படும் என்று அதில் எழுதியிருக்கும். வட்டு என்றால் மிஷினில் இருப்பதையெல்லாம் சேர்த்து வைக்கும் ஹார்ட் டிஸ்க். கீழே ஒரு பொத்தான் இருக்கும். அந்தப் பக்கம் வந்ததும் நாங்கள் எழுந்து போய்விட வேண்டும். இது டீச்சர் வைத்த வழக்கம். மிஷினுக்குச் சொந்தக்காரர் அதன் முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பார். அழுத்துவதாக இருந்தால் அவரே அழுத்துவார். சிலர் உட்கார்ந்த உடனே அழுத்திவிடுவார்கள். சிலர் வீட்டுக்குப் போன் போடுவார்கள். ஒருவர் மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடி எடுத்துக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை.

கலியபெருமாளுக்கு இந்த வழக்கம் பிடிக்கவில்லை.

"வரிசை படிக்கட்டு வரைக்கும் நிக்குது டீச்சர். ஆளாளுக்கு அந்தப் பக்கத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா எப்பத்தான் முடிக்கிறது?"

"உக்காந்திருக்கட்டும் சார்."

"நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கறேனே. வேண்டியதெல்லாம் எடுத்தாச்சான்னு."

"நீங்க பக்கத்துல நின்னா எடுத்தாச்சுன்னுதான் சொல்வாங்க."

"ஏன் அப்படிச் சொல்லணும்?"

டீச்சர் எழுந்து வந்து கலியபெருமாளுக்கு எதிரில் நின்றார். அவர் கையிலிருந்த டீ கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றார். கலியபெருமாளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவசரமாக ஊதிவிட்டு, சுடச்சுட மடமடவென்று குடித்துக் கிளாஸை நீட்டினார். நாக்கு வெந்துபோனது முகத்தில் தெரிந்தது.

"நான் கிளாஸக் கேக்கவே இல்லியே சார்," என்றார் டீச்சர்.

நாங்கள் சிரித்தோம். கலியபெருமாளும் சிரித்தார். சிரித்ததோடு சரி.

ஆனி மாதக் கூட்டத்துக்கு வேலாயுதம் என்று ஒருவர் வந்தார். சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்குகிறவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அது கலியபெருமாளிடம் வந்தது.

"யாருதுங்க இது?"

"எம்மவளுதுங்க. இப்ப பையன் பாலிடெக்னிக்ல சேர்றான். அவனுக்கு வேணும். ரொம்ப மெதுவா வேல செய்யுது."

"உள்ள ஏதாச்சும் எடுத்து வைக்கணுமா?"

"ஒண்ணும் இல்லீங்க."

"மவ கேக்காதா?"

"கேக்காதுங்க."

கல்யாணமாகிப் போயிருக்கும் என்று கலியபெருமாள் நினைத்துக்கொண்டார். பள்ளி முடித்த பெண் தன் லேப்டாப்பைக் கேட்க மாட்டாள் என்றால் நம் புத்தி வேறு எங்கே போகும்?

அழிக்கும் பக்கம் வந்தது. கலியபெருமாள் எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் வேலாயுதம் எழுந்துவிட்டார்.

"நீங்களே அமுக்கிடுங்க. நான் கடத்தெருவுக்குப் போயிட்டு வந்துடறன்."

அப்போது டீச்சர் ஜன்னலோரம் வேறொரு மிஷினில் மூழ்கியிருந்தார். வெறும் நாற்காலிக்கு யார் காத்திருப்பது? கலியபெருமாள் பொத்தானை அழுத்தினார். அத்தோடு விட்டிருந்தால்கூடக் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அழித்த வட்டிலிருந்தும் தோண்டி எடுக்க எங்களில் சிலருக்குத் தெரியும். ஆனால் அவருக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. வட்டு முழுக்கப் பூஜ்யங்களை எழுதிப் பழையது எதுவும் மிஞ்சாமல் துடைக்கும் வசதி ஒன்று இருக்கிறது. அதையும் தேர்ந்தெடுத்தார். வேலாயுதம் திரும்பி வந்தபோது லேப்டாப் புதிது போல இருந்தது. அவர் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார். கலியபெருமாளுக்கு அன்று முழுக்க நல்ல மனநிலை.

அடுத்த மாதம் அதே லேப்டாப்பைப் பழைய புடவைத் துணியில் சுற்றி ஒரு அம்மா கொண்டுவந்தார்.

"இதுல போட்டுக் குடுத்தவரு யாருங்க?"

"நான்தாம்மா," என்றார் கலியபெருமாள். "எப்படி, இப்ப வேகமா இருக்குதா?"

"இருக்குதுன்னு பையன் சொல்றான்." அந்த அம்மா துணியைப் பிரித்து லேப்டாப்பைத் திறந்து வைத்தார். "முன்ன இந்த மூலையில மஞ்சளா ஒரு பொட்டி இருக்கும். அத ரெண்டு வாட்டி அமுக்கினா பாப்பா படிக்கறது வரும். இப்ப எல்லாம் எடம் மாறிக் கெடக்குது. எங்க அமுக்கணும்னு கேட்டுக்கினு போவலாம்னு வந்தன்."

"எந்தப் பாப்பா?"

"எம்மவதாங்க. பன்னண்டாவது படிக்கறப்ப பாடத்தச் சொல்லிச் சொல்லி இதுல பதிஞ்சு வெப்பா. அப்புறம் அதையே போட்டுக் கேட்டுக்கினு பாத்திரம் வெளக்குவா. போன ஐப்பசியில காய்ச்சல் வந்து போயிட்டா."

கலியபெருமாளின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

"அவரு ஆலைக்குக் கெளம்பினதும் நான் போட்டுக் கேப்பங்க. அவருக்குத் தெரியாது. அவரு காதுல விழுந்தா சோறு எறங்காது. எடம் மாறினதுலேருந்து ஒரு மாசமாக் கேக்கல. பையனக் கேட்டா, அவங்ககிட்டயே போய்க் கேளுன்னுட்டான்."

 எந்தப் பதிவு என்று கலியபெருமாளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார். உதவி செய்தார்.

"வேர்த்தூவிகள் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுகின்றன அப்படின்னு ஆரம்பிக்குங்க. சைலம் நாளங்கள் வழியாக இலைகளுக்குக் கடத்துகின்றன. இந்த எடத்துல இருமுவா. இருமிட்டு, ச்சேன்னு சொல்லிட்டு, மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிப்பா. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. அவ சொல்லிக் கேட்டதுதான்."

கலியபெருமாள் எழுந்தார். ஜன்னலோரம் டீச்சரிடம் போனார். போகும்போது ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டார்.

"டீச்சர், தோண்டி எடுக்க ஏதாச்சும் வழி இருக்குமா?"

"எப்படி அழிச்சீங்க?"

"பூஜ்யம் எழுதித் தொடச்சேன்."

"முழுசுமா?"

"முழுசும்."

டீச்சர் கண்களை மூடிக்கொண்டார். திறந்தபோது அவை கலங்கியிருந்தன. "ஒரு வழியும் இல்ல சார்."

கலியபெருமாள் குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் எங்களுக்குக் கேட்டது. "வட்டு பழசு, தானாக் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடட்டுமா? கொஞ்சம் லேசா இருக்கும்."

"யாருக்கு?"

 கலியபெருமாள் திரும்பி வந்து அந்த அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மா, அது இதுல இல்ல."

"வேற எங்கங்க இருக்குது?"

"எங்கயும் இல்லம்மா. நான் அழிச்சிட்டேன்."

"அழிஞ்சிபோச்சுங்களா?"

"அழிஞ்சிபோகல. நான்தான் அழிச்சேன். உங்க வீட்டுக்காரரு ஒண்ணும் இல்லன்னாரு. அவரு மேல தப்பு இல்ல. அவருக்குத் தெரியாதுன்னு நீங்களே சொல்றீங்க. எழுந்து போயிருக்க வேண்டியவன் நான், போகாம அமுக்கிட்டேன்."

இன்றைக்கு டாக்டர் வரமாட்டார் என்று சொன்னால் தலையாட்டுவோமே, அப்படித் தலையாட்டினார் அந்த அம்மா. லேப்டாப்பை மூடினார். புடவைத் துணியைப் பொறுமையாகச் சுற்றினார்.

"சரிங்க. இன்னிக்குக் கூட்டமா இருக்குது. நான் அடுத்த மாசம் வரன். கொஞ்சம் தேடி வையுங்க."

"அம்மா, தேடினாலும்…"

"பரவால்லீங்க. மெதுவாத் தேடுங்க."

படியிறங்கிப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

வரிசையில் நின்றவர்கள் தங்கள் பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு கலியபெருமாளைப் பார்த்தார்கள். அடுத்து யாரும் அவர் மேஜைக்கு வரவில்லை. அவர் லினக்ஸ் போட வைத்திருந்த தன்னுடைய பென் டிரைவ்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இத வெச்சுக்குங்க டீச்சர். இனிமே நான் வரல."

"அவங்க வருவாங்க சார்."

"அதுக்குத்தான் சொல்றேன். மறுபடியும் வந்து எங்க அமுக்கணும்னு கேட்டா நான் என்ன சொல்வேன்?"

"இன்னிக்குச் சொன்னதத்தான்."

"அவங்க மனசு அத வாங்கவே இல்லியே டீச்சர். அதுக்கும் அடுத்த மாசம் வந்து நின்னா?"

"அப்பவும் அதே மேஜையில நீங்க இருக்கணும்."

 "எவ்வளவு நாளைக்கு டீச்சர்?"

டீச்சர் பென் டிரைவ்களை அவர் பக்கமே நகர்த்தி வைத்தார்.

"அவங்களுக்கு வரணும்னு தோணாம போற வரைக்கும் சார்."