பச்சையாய் வந்த துண்டு

திண்டிவனம் கைவினைச் சந்தையில் ஒரு நீலச் சால்வைக்கு முதல் பரிசு என்று அறிவித்தார்கள். உடனே சாயப்பட்டறை முதலாளி தணிகாசலம் மாலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு மேடையேறிவிட்டார்.

"முழுக்க என் கையால தோய்ச்சதாக்கும்!"

"அது நான் தோய்ச்சதுங்க," என்றாள் கீழே நின்ற பூவாயி. அவருடைய பட்டறையில் கூலிக்குச் சாயம் தோய்ப்பவள்.

முதலாளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கே, இப்பவே நிரூபி! முடியலேன்னா இனிமே பட்டறைப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே."

"சரிங்க. அதோ, சனங்களுக்குக் காட்ட வச்சிருக்கிற அவுரி நீலச் சாயத் தாழி. நீங்க முதலாளி, முதல்ல நீங்க ஒரு துண்டைத் தோய்ச்சுக் காட்டுங்க."

இவ்வளவுதானா என்று அவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு இறங்கி வந்தார். வெள்ளைத் துண்டு ஒன்றைத் தாழிக்குள் முக்கித் தூக்கினார். துண்டு பச்சைப்பசேலென்று வந்தது.

"அடிப்பாவி! சாயத்துல எதையோ கலந்து கெடுத்துட்டாளே! தாழியைக் கொட்டுங்கய்யா!"

பூவாயி துண்டை வாங்கிக் கொடியில் விரித்தாள். காற்றுப் படப்பட, எல்லார் கண்ணெதிரிலும் பச்சை மெல்ல மாறி நீலமானது.

நடுவர் மாலையோடு அவளிடம் வந்தார்.

"அவுரி தினமும் இப்படித்தாங்க," என்றாள் பூவாயி முதலாளியிடம். "ஒருநாள் பட்டறைக்குள்ள வந்திருந்தா நீங்களும் பார்த்திருப்பீங்க."