கொம்பையாவின் தாடை

தூத்துக்குடியில் மச்சாது மாஸ்டரின் பேண்டு செட்டில் புதிதாக வந்து சேர்ந்த சீடருக்கு மாஸ்டரைவிட வயது அதிகம். அதனால் மாஸ்டர் சீடரை "அண்ணாச்சி" என்றார். சீடர் மாஸ்டரை "மாஸ்டர்" என்றார். யாரைக் கண்டு யார் எழுந்து நிற்பது என்பதில் முதல் வாரம் இருவருக்கும் குழப்பம் இருந்தது. பிறகு இருவரும் உட்கார்ந்தே பேசிக்கொண்டார்கள்.

சீடரின் பெயர் கொம்பையா. ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நின்றே தலை நரைத்தவர். மலைபோல் சேலைகளை விரித்துப் போட்ட பிறகும் "வேற டிசைன் இல்லையா?" என்று வாங்க வந்தவர்கள் கேட்பார்கள். சிரிப்பார். ஒன்றும் எடுக்காமல் எழுந்து போவார்கள். அதற்கும் சிரிப்பார். தூக்கத்திலும் சிரிக்கிறார் என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறாள். ஒரு நாள் முதலாளி கடையை மூடிவிட்டார். கொம்பையாவின் சிரிப்பை மூட ஆளில்லை.

அவர் பேண்டில் சேர்ந்ததற்குக் காரணம் மகள் ஆவுடை. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம்.

"அப்பா, நான் கார்ல ஏறும்போது நீங்க அழுவிய. நீங்க அழுதா நானும் அழுதிருவேன். போட்ட மை எல்லாம் மூஞ்சில வழியும். போற வீட்டுல பேய் வந்திருக்குன்னு சொல்லுவாவ. அந்த நேரத்துக்குக் கையில ஏதாவது வேலை வச்சுக்கிடுங்க."

"நான் ட்ரம்பெட் ஊதுதேன்ளா" என்று கொம்பையா வாயை விட்டுவிட்டார். பள்ளிக்கூட நாட்களில் கொஞ்சம் ஊதிய தைரியம்தான். ஆவுடை அதைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீடு வரைக்கும் சேதி போய்விட்டது.

மச்சாது மாஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"கார் கிளம்பையில கடைசியா ஒரு மேல் சுரம் வரும். கார் கண்ணுக்கு மறையுற வரைக்கும் அதை ஆடாம நிறுத்தணும். நிறுத்துனா மக கல்யாணத்துக்குக் கோட்டு தாரேன். இல்லைன்னா வேட்டியக் கட்டிக்கிட்டு பந்தி விசாரிங்க."

"அந்தச் சுரத்துக்கு உதட்டை எப்படி வைக்கணும் மாஸ்டர்? தாடையை எங்க வைக்கணும்?"

மாஸ்டர் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து எதிரே வைத்தார்.

"ஊதுங்க."

கண்ணாடிக்குள் ஓர் ஆள் வந்து நின்றதும் கொம்பையா பழக்கதோஷத்தில் சிரித்தார். உதடு இரண்டு பக்கமும் இழுபட்டது. ட்ரம்பெட்டிலிருந்து, குக்கர் விசிலடிக்கும் முன்னால் சீறுமே, அந்தச் சத்தம் வந்தது.

"சிரிக்கிய, அண்ணாச்சி."

"இல்லையே மாஸ்டர்."

"இழுத்தா உதடு மெலிஞ்சிரும். மெலிஞ்ச உதட்டுல சுரம் நிக்காது."

"நான் என்ன செய்ய? என் மூஞ்சி வாகு அப்படி."

"கோட்டைப் போட்டுட்டா அது உங்க மூஞ்சி இல்ல. பேண்டோட மூஞ்சி."

கொம்பையா அதற்கும் சிரித்தார்.

அந்த வாரமே ஓர் உப்பள முதலாளி இறந்துபோனார். பெரிய ஊர்வலம். பழகட்டும் என்று கொம்பையாவுக்கு ஒரு பழைய கோட்டை மாட்டிக் கடைசி வரிசையில் நிறுத்தினார் மாஸ்டர். மேல் சுரம் வந்தது. கொம்பையா எட்டிப் பிடிக்கப் பார்த்தார். உதடு காதுவரை போனது.

இறந்தவரின் மூத்த மகன் திரும்பிப் பார்த்தார்.

"நிறுத்துங்கவே பேண்டை! ஏய்யா, எங்கப்பா போனதுல உமக்கு என்னய்யா அவ்வளவு சந்தோஷம்?"

கொம்பையா பதறிப்போனார். கடையில் யாராவது கோபப்பட்டால் என்ன செய்வாரோ அதையே இங்கும் செய்தார். இன்னும் அகலமாகச் சிரித்தார். அடுத்த நிமிஷம் அவருடைய கோட்டுக் காலர் நாலு பேர் கையில் இருந்தது.

மாஸ்டர் ஓடி வந்தார்.

"விடுங்க, விடுங்க. அவருக்குத் துக்கம் வந்தா அப்படித்தான் சார் வரும். இதுக்குமேல அவரால அழ முடியாது."

மூத்த மகன் கொம்பையாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். என்ன கண்டாரோ, காலரை விட்டுவிட்டுத் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

இனி சிரிக்கவே கூடாது என்று கொம்பையா சபதம் எடுத்தார். ஊதுமுன் சோகமாக எதையாவது நினைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். கடை மூடியதை நினைத்துப் பார்த்தார், அது போதவில்லை. ஆவுடை காரில் ஏறுவதை நினைத்தார். அது போதுமானதற்கு மேலேயே இருந்தது.

அடுத்து ஒரு கல்யாணம். யாரோ ஒரு பெண், யாரோ ஒரு மாப்பிள்ளை. மணமக்கள் வாசலுக்கு வந்தபோது கொம்பையா ஆவுடையை நினைத்துக்கொண்டு ட்ரம்பெட்டை வாயில் வைத்தார். உதடு சிரிக்கவில்லை. ஆனால் தாடை ஊறுகாய் எலுமிச்சை மாதிரி சுருங்கி மேலே ஏறியது. சுரம் வருவதற்குப் பதிலாக ஓர் ஆட்டுக்குட்டி வந்தது. கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

பெண்ணின் தாய்மாமன் இதைக் கவனித்துவிட்டு அருகில் வந்தார்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. நீங்க எங்களுக்கு எந்த வழியில சொந்தம்?"

கொம்பையா விம்மினார். நெருங்கிய சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று தாய்மாமன் முடிவு செய்து, அவரைக் கையோடு அழைத்துப் போய் பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்தார். பேண்டு ஆட்கள் வெளியே வெயிலில் நின்றார்கள்.

திரும்பி வரும்போது வேனில் மாஸ்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"துட்டி வீட்டுல சிரிச்சு அடி வாங்கப் பாத்திய. கல்யாண வீட்டுல அழுது சாப்பாடு வாங்கிட்டிய."

பின் சீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். கொம்பையாவுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது.

"சிரிச்சா உதடு போச்சுங்கிய. அழுதா தாடை போச்சுங்கிய. பின்ன நான் எந்த மூஞ்சியத்தான் வைக்க? கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்கூட இல்ல. எம்மவ என்னையத்தான் நம்பிக்கிட்டு இருக்கா மாஸ்டர்!"

கொம்பையாவின் கோட்டுக் கையில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது. மாஸ்டர் அதைப் பிய்த்தார். கொம்பையாவின் கீழ் உதட்டில் ஒட்டினார்.

"துப்புங்க."

ஜவுளிக்கடையில் நின்றவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? பல்லால் நூல் கடித்துக் கடித்து, உதட்டில் ஒட்டியதைத் துப்பித் துப்பியே காலம் கழித்தவர். "த்பூ" என்றார். நூல் முன்சீட்டில் போய் விழுந்தது.

"தாடை எங்க இருந்துச்சு?"

"நான் நூலைல்லா பாத்தேன். தாடையை யாரு பாத்தா?"

மாஸ்டர் இன்னொரு நூலைப் பிய்த்து ஒட்டினார்.

"துப்புங்க."

"த்பூ."

"தாடை?"

"பாக்கல மாஸ்டர்."

"இன்னொண்ணு."

வேன் பேண்டு செட் கடைக்கு வந்து சேருவதற்குள் கோட்டின் கை ஓரம் முழுவதும் பிரிந்துவிட்டது. இறங்கும்போது ஒரு பொத்தான் கழன்று விழுந்தது. மாஸ்டர் ட்ரம்பெட்டை நீட்டினார்.

"இதுக்குள்ள துப்புங்க."

கொம்பையா எரிச்சலோடு துப்பினார். அந்த மேல் சுரம் வந்தது. வந்து நின்றது. பக்கத்து டீக்கடைக்காரர் டம்ளரோடு வெளியே வந்து பார்த்தார்.

கொம்பையாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்தார். சுரம் போய்விட்டது.

ஆவணியும் வந்தது. ஆவுடைக்குத் தாலி ஏறியது. பந்தி முடிந்தது. பெண்ணை அனுப்பும் நேரம் வந்ததும் கொம்பையா பட்டு வேட்டிக்கு மேல் மாஸ்டர் தந்த பேண்டு கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியும் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். சம்பந்தி வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொம்பையாவின் மனைவி அதற்குள் ஒரு கைக்குட்டையை நனைத்துவிட்டு அடுத்ததை எடுத்திருந்தாள்.

பேண்டு வாசித்தது. ஆவுடை கார் கதவுவரை போனாள். அங்கே நின்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். மை பூசிய கண் நிறைந்து, நீர் விழவா வேண்டாமா என்று நின்றது.

கொம்பையாவுக்கு உதடு ஒரு பக்கம் இழுத்தது. மகள் அவ்வளவு அழகாக இருந்தாள். தாடை மறுபக்கம் சுருங்கத் தொடங்கியது. மகள் போகிறாள். ட்ரம்பெட் பாதி வழியில் நின்றுவிட்டது.

மாஸ்டர் தன் கோட்டிலிருந்து ஒரு நூலைப் பிய்த்து அவருடைய கீழ் உதட்டில் ஒட்டினார்.

கொம்பையா துப்பினார். அப்படியே ஊதினார்.

சுரம் எழுந்தது. ஆவுடை கண்ணைச் சிமிட்டி உள்ளே இழுத்துக்கொண்டு காரில் ஏறினாள். கார் நகர்ந்தது. சுரம் ஆடாமல் நின்றது. கொம்பையாவின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது, கன்னத்தில் இறங்கியது, தாடை வழியாகச் சொட்டியது. தாடை அசையவில்லை. பின் கண்ணாடி வழியாக ஆவுடை பார்த்துக்கொண்டே போனாள். முகத்தில் மை அப்படியே இருந்தது. கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

கொம்பையா ட்ரம்பெட்டை இறக்கினார். உதடும் தாடையும் ஊதிய நிலையிலேயே இருந்தன. சம்பந்தி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். மனைவி வந்து பேர் சொல்லாமல் கூப்பிட்டாள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"மாஸ்டர்" என்றார், உதட்டைப் பிரிக்காமல்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"கார் போயிட்டு. இனி தாடையை எங்க வைக்க?"

மாஸ்டர் அவர் கையிலிருந்து ட்ரம்பெட்டை வாங்கிக்கொண்டார். தொப்பியை எடுத்தார். மிச்சமிருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கோட்டை உருவி, மடித்துத் தன் கையில் போட்டுக்கொண்டார்.

"இனி அது உங்க தாடை, அண்ணாச்சி."