செங்கமலத்துக்கு ஈடாக வந்த கார்

கொன்றைமலை ராஜாவுக்கு ஒரு பொருள்மேல் ஆசை வந்துவிட்டால், அது கைக்கு வரும்வரை அரண்மனையில் யாருக்கும் நிம்மதி கிடையாது. அந்த வருஷம் அவருக்குக் கார் ஆசை பிடித்துக்கொண்டது.

சேதி தெரிந்து பட்டணத்திலிருந்து ரத்தினசபாபதி என்ற வியாபாரி ஒரு காரைக் கொண்டுவந்தான். பழைய கார்தான். ஆனால் உள்ளே ஒரு சின்னக் கல்யாணத்தையே நடத்திவிடலாம், அவ்வளவு பெரிது. முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. அரண்மனை வாசல் சரிவில் அது இறங்கி வந்தபோது, இரண்டு பக்கப் படிகளிலும் தலைப்பாகை கட்டிய நான்கு தடியர்கள் நின்றுகொண்டு வந்தார்கள். முன்பு வைத்திருந்தவர் இதை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம் என்றான் வியாபாரி. பணம்கூட வேண்டாமாம். மரக்கடையில் தடி இழுக்க அரண்மனை யானை செங்கமலத்தைக் கொடுத்தால் போதுமாம்.

சபையில் ராஜாவுக்கு யோசனை சொல்பவர் ஏகாம்பரம். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற மனிதர் அவர். தினமும் செங்கமலத்துக்கு ஒரு கட்டி வெல்லம் ஊட்டிவிட்டுத்தான் சபைக்கே வருவார். அவளாவது, தடி இழுப்பதாவது!

"பழைய வண்டி, மகாராஜா. கொஞ்சம் பார்த்து வாங்கலாமே" என்று மெல்ல இழுத்தார்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "மாட்டுவண்டியில் ஏறினாலே தலை சுற்றுகிற ஆள் நீர். உமக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? சரி, என் காரை ஒரு விரலாலும் தொடாமல், சாயங்காலத்துக்குள் அதில் ஒரு குறையைக் காட்டும். காட்டினால் செங்கமலம் இங்கேயே இருப்பாள். இல்லாவிட்டால் நீரே அவளைப் பட்டணத்துக்கு நடத்திக்கொண்டு போய் விட்டுவிட்டு வாரும்."

ஏகாம்பரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். முன்பக்கம் ஒன்றும் புரியவில்லை. பக்கவாட்டிலும் புரியவில்லை. பின்பக்கம் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பளபளப்பின்மேல் வரிசையாகப் புழுதிக் கைத்தடங்கள். திரும்பித் தடியர்களைப் பார்த்தார். முழங்கால்வரை செம்மண்.

அவர் நேராக ராஜாவிடம் போய், வந்த விருந்தாளிகள் பசியோடு நிற்கிறார்களே என்று கவலைப்பட்டார். அவர்களுக்கு மோர் போதும் என்று வியாபாரி பதறினான். ராஜா விடுவாரா? கொன்றைமலையில் மோரை ஊற்றி அனுப்பினார்கள் என்று ஊர் சிரிக்கவா? உடனே இலை போடச் சொன்னார்.

ஏகாம்பரமே பக்கத்தில் நின்று பரிமாறினார். பருப்பில் நெய் குளம் கட்டியது. வடைமேல் வடை விழுந்தது. போதும் என்று கையை மறித்தவர்களுக்கும் விரல் இடுக்கு வழியாகப் பாயசம் இறங்கியது. கடைசியில் தலைப்பாகைகளே தலையணைகள் ஆயின.

வெயில் தாழ்ந்ததும் ராஜா பட்டு உடுத்தி, காரின் பின் இருக்கையில் சாய்ந்தார். ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவரலாம் என்றார். வியாபாரி எதையோ திருகினான், எதையோ மிதித்தான். கார் ஒருமுறை தொண்டையைக் கனைத்துவிட்டுப் பேசாமல் இருந்தது. மறுபடி திருகினான். கனைப்புக்கூட வரவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு தன் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஒருவரும் வரவில்லை.

ராஜா தலையை வெளியே நீட்டினார். "என்ன ஓய், கார் ஏன் கிளம்பவில்லை?"

ஏகாம்பரம் பணிவாகக் குனிந்தார். "காரைக் குற்றம் சொல்லக் கூடாது, மகாராஜா. நாலு பேர் பலமுள்ள இஞ்சின். பாயசம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, கூடத்தில் குறட்டை விடுகிறது."

ராஜா விழித்தார். இறங்கிப் பின்பக்கம் வந்து கைத்தடங்களைப் பார்த்தார். பிறகு தலைப்பாகை நழுவும்வரை சிரித்தார். தோளில் கிடந்த சரிகைச் சால்வையை எடுத்து ஏகாம்பரத்துக்குப் போர்த்தினார்.

வியாபாரியை வழியனுப்பச் செங்கமலமே போனாள். ஊர் எல்லைவரை காரை நெற்றியால் தள்ளிக்கொண்டு போய் விட்டாள். அந்த நான்கு பேரும் அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தக் காருக்குள் உட்கார்ந்து போனார்கள்.