ஏழு தடவை சொன்ன சாட்சி

குருவுக்கு இருபத்தொன்பது வயது. சீடருக்கு நாற்பத்தாறு.

குருவின் பெயர் பியூலா. கல்யாணம், ஞானஸ்நானம், ஊருக்கே சோறு போடும் அசனப் பண்டிகை என்று திருநெல்வேலிக்குத் தெற்கே எந்த வேதக்கோயிலில் மணி அடித்தாலும் கேமராவோடு நிற்பாள். சீடரின் பெயர் ஞானதுரை. மஸ்கட்டில் பதினெட்டு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் வந்தவர். இரும்போடு மாரடித்தது போதும், இனி மனுஷர் முகத்தைப் பார்க்கிற வேலை செய்வோம் என்று அவளிடம் வந்து சேர்ந்தார்.

சேர்ந்து பதினாலு மாதம் ஆகிவிட்டது. இன்னும் லைட்டுதான் பிடிக்கிறார். நரைத்த மீசையோடு அவர் லைட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "லைட் பாய் தாத்தா, கொஞ்சம் இங்கன காட்டுங்க" என்று பந்தியில் இருப்பவர்கள் கூப்பிடுவார்கள். அதைக் கேட்டுச் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான்.

பொறுத்துப் பார்த்து ஒருநாள் கேட்டேவிட்டார். "எம்மா, என் கையில கேமரா எப்போ குடுப்ப?"

பியூலா யோசிக்காமல் கேமராப் பையை எடுத்து அவர் தோளில் மாட்டினாள்.

"சீயோன் குடியிருப்பு சபையில வருஷப் பண்டிகைக்கு ஒரு சாட்சி வீடியோ கேக்காங்க. கர்த்தர் தன்னை எப்படி நடத்தினார்னு அன்னபாக்கியம் அக்கா பேசுவாங்க. பத்து நிமிஷம். ஞாயித்துக்கிழமை கோயில்ல போட்டுக் காட்டணும். நீங்களே தனியா எடுத்துட்டு வாங்க. நல்லா வந்தா திங்கக்கிழமை கல்யாணத்துல கேமரா உங்களுக்கு."

"வரலைன்னா?"

"லைட்டு."

வியாழக்கிழமை மத்தியானம் அவர் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றவில்லை, உதறினார். ஒன்று வாசலில் விழுந்தது, மற்றது துளசிச் செடிக்குள் போனது.

"சவம், இனி எவகிட்டயாவது சாட்சி எடுக்கப் போனேன்னா என்னை அந்தச் செருப்பாலயே அடி."

பியூலா மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. இவர் வாயை மூடவில்லை.

"ஏழு தடவை எடுத்தேன்மா. ஏழு! மொதத் தடவை மீன்காரன் வந்து பாம் பாம்னு ஹாரன் அடிக்கான். நானும் ஃபோகஸ் வைக்க மறந்துட்டேன், மூஞ்சி மங்கிப் போச்சு. ரெண்டாவது தடவை பக்கத்து வீட்டுக் குக்கர். மூணாவது தடவை எல்லாம் சரியா வந்துச்சு. ஆனா கதை சரியில்லை."

"கதை சரியில்லையா?"

"நீயே பாரு. பாத்துட்டு எனக்கு ஒரு ஞாயம் சொல்லு."

பியூலா கையைக் கழுவிவிட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

முதல் தடவையில் அன்னபாக்கியம் அக்காவின் முகம் புகைக்குள் இருப்பதுபோல் இருந்தது. குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"எம் மவ சுகிர்தா. ஒம்பது வயசு. கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மூளைக் காய்ச்சல் வந்து போயிட்டா. அடக்கம் முடிஞ்சு மூணாம் நாள் தையக்காரர் கவுனைக் கொண்டு வந்து நிக்காரு. அவருக்கு விசயம் தெரியாது. பண்டிகைக்குத் தைக்கக் குடுத்தது. நானும் வாங்கிக்கிட்டேன். கை ஒழுங்கா இருக்கா, நீளம் சரியான்னு பாத்தேன். எதுக்குப் பாத்தேன்னு தெரியலை."

இங்கே மீன்காரரின் ஹாரன். அக்கா வாசல் பக்கம் திரும்பி, "இன்னைக்கு வேண்டாம்" என்று கை காட்டிவிட்டுத் தொடர்ந்தாள்.

"பெறவு ஒரு வருஷம் நான் கோயிலுக்குள்ள போகலை. ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா எதிர்த்தாப்புல உள்ள ஓடைப் பாலத்துல போய் உக்காந்துருவேன். கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. கர்த்தருக்குத் தெரியணும்லா, நான் கோவமா இருக்கேன்னு. வீட்டுல இருந்தா எப்படித் தெரியும்? அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை மழை பிடிச்சுக்கிட்டு. நனைஞ்சேன். மணி அடிக்கிற கோயில்குட்டி குடையோட வந்து, 'உள்ள வந்து கோவிச்சுக்கோ தாயி'ன்னாரு. போனேன். அவ்வளவுதான். இப்பவும் போறேன்."

அத்தோடு முடிந்தது. அக்கா கேமராவைப் பார்த்து, "போதுமா தம்பி?" என்றாள்.

"பாத்தியா?" என்றார் ஞானதுரை. "இது ஒரு சாட்சியா? மழை வந்துச்சு, உள்ள போனேன்னா ஜனங்க என்ன நினைப்பாங்க? ஒதுங்கத்தான் போனான்னு நினைக்க மாட்டாங்களா?"

பியூலா அடுத்ததைப் போட்டாள். அதற்கடுத்ததை. ஒவ்வொன்றிலும் கேமராவுக்குப் பின்னாலிருந்து ஞானதுரையின் குரல் கேட்டது.

"அக்கா, மழையை விட்ருங்க. கர்த்தர் கூப்பிட்ட சத்தம் கேட்டுச்சுன்னு சொல்லுங்க."

"அக்கா, கவுன்கிட்ட வரும்போது கொஞ்சம் நிறுத்துங்க. கண்ணுல தண்ணி வந்தா நல்லாருக்கும்."

"மூக்கைச் சிந்தாதீங்க அக்கா. கண்ணீர் மட்டும் போதும்."

"நீளம் சரியான்னு பாத்தேன்னீங்கள்லா, அது வேண்டாம். கவுனைக் கட்டிப் பிடிச்சு அழுதேன்னு சொல்லுங்க."

ஆறாவது தடவையில் அக்காவுக்கு அழுகை வரவில்லை. ஏழாவது தடவையில் அவள் ஞாயிறு பள்ளிப் பிள்ளை மனப்பாட வசனம் ஒப்பிப்பதுபோல் நேராக உட்கார்ந்து, திக்காமல் திணறாமல் சொல்லி முடித்தாள். கவுனைக் கட்டிப் பிடித்து அழுதாள். கர்த்தரின் சத்தத்தைக் கேட்டாள். கடைசியில் "கர்த்தருக்கே ஸ்தோத்திரம்" என்றாள். முகம் தெளிவாக இருந்தது. வெளிச்சம் நன்றாக இருந்தது. ஒரு காக்காகூடக் கத்தவில்லை.

"ஏழாவதுல ஒரு குத்தம் சொல்லு பாப்போம்" என்றார் ஞானதுரை.

"அக்கா பாத்தாங்களா?"

"அங்கதானம்மா கிறுக்குப் பிடிக்கி எனக்கு! போட்டுக் காட்டினேன். பாத்துட்டு எழுந்திரிச்சு நின்னுக்கிட்டு என்ன சொல்லுதா தெரியுமா? 'எம் பிள்ளை ஒரு தடவைதான் செத்தா தம்பி. நீ ஏழு தடவை சாக வச்சிட்ட. இதைக் கோயில்ல போடப்பிடாது, போயிட்டு வா'ன்னு கதவைச் சாத்திட்டா. ஒரு வாய்த் தண்ணி குடுக்கலை. வெயில்ல மூணு மணி நேரம் நின்னவன் நான்! இது ஞாயமா?"

பியூலா பிள்ளையின் வாயைத் துடைத்தாள்.

"நீ ஒரு எட்டு வந்து பேசும்மா. பொம்பளைக்குப் பொம்பளை சொன்னா கேப்பா. எட்டாவதா ஒண்ணு எடுத்துட்டா ஞாயித்துக்கிழமைக்கு ஆயிரும். என் பதினாலு மாசம் அந்தக் கார்டுக்குள்ளதான் கிடக்கு."

பியூலா எழுந்து பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். கேமராவை ஸ்டாண்டில் மாட்டினாள். ஒரு நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க அண்ணாச்சி."

"எதுக்கு?"

"சும்மா. உங்க அம்மா இறந்த சேதி வந்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"இப்போ அது எதுக்கும்மா?"

"சொல்லுங்களேன்."

முனகிக்கொண்டே உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"மஸ்கட்ல ஒரு மொட்டை மாடி. அஞ்சாறு ஏசி வரிசையா இருக்கும். பாத்துக்கிட்டிருந்தேன். தம்பி போன் பண்ணினான். அம்மா போயிட்டான்னான். சரின்னேன். வேற என்ன சொல்லன்னு தெரியலை. இன்னும் ரெண்டு ஏசி பாக்கி இருந்துச்சு. அதையும் பாத்து முடிச்சிட்டுத்தான் ரூமுக்குப் போனேன். போய்ப் பருப்பு வச்சேன். உப்புப் போடலை போல. மலையாளத்துக்காரன் ஒருத்தன், உப்பு இல்லைன்னான். அப்போதான்..."

அவர் நிறுத்தினார். மீசை ஆடியது.

"அண்ணாச்சி, பின்னால காலண்டர் ஆடுது" என்றாள் பியூலா. காலண்டரைக் கழற்றி வைத்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்னது?"

"காலண்டர் ஆடிட்டுல்லா. மொதல்ல இருந்து."

ஞானதுரை அவளை முறைத்தார். பிறகு சொன்னார். இந்தத் தடவை சுருக்கமாகச் சொன்னார். பருப்பு வரவில்லை. மலையாளத்துக்காரரும் வரவில்லை.

"சத்தம் பத்தலை அண்ணாச்சி. அதோட அந்த ரெண்டு ஏசி வேண்டாம். அம்மா செத்ததுக்கு அப்புறமும் வேலை பாத்தார்னா ஜனங்க என்ன நினைப்பாங்க? இன்னொரு தடவை."

"எம்மா, விளையாடுதியா?"

"மொதல்ல இருந்து."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு குரலை உயர்த்தினார். "மஸ்கட்ல ஒரு மொட்டை மாடி. தம்பி போன் பண்ணினான். அம்மா போயிட்டான்னான். என் கையில இருந்த ஸ்பேனர் அப்படியே நழுவிக் கீழ விழுந்துச்சு. 'அம்மா'ன்னு நான் போட்ட சத்தத்துல தெருவே திரும்பிப் பாத்துச்சு..."

"அண்ணாச்சி."

"என்ன?"

"ஸ்பேனர் எப்போ விழுந்துச்சு?"

ஞானதுரை தன் வலது கையைப் பார்த்தார். தொட்டில் கம்பி கிரீச் கிரீச் என்றது.

"அழிச்சிரும்மா" என்றார்.

"மூணையுமா?"

"மொதல்ல சொன்னது இருக்கட்டும்."

பியூலா பின்னால் உள்ள இரண்டையும் அழித்தாள். அவர் எழுந்துபோய் துளசிச் செடிக்குள் கிடந்த செருப்பைத் தேடி எடுத்தார்.

மறுநாள் காலையில் அவர் அன்னபாக்கியம் அக்கா வீட்டுக்குப் போனபோது, அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"எட்டாவதுக்கா?"

"இல்லக்கா. ஸ்டாண்டு கொண்டு வரலை. மைக்கும் இல்லை."

"பெறவு எதுக்கு அந்தக் கேமரா?"

"மொதத் தடவை எடுத்ததை நீங்க பாக்கலை. ஒரு வாட்டி பாருங்க. வேண்டாம்னா உங்க கையாலயே அழிச்சிருங்க. எந்தப் பொத்தானை அமுக்கணும்னு காட்டித் தாரேன்."

அக்கா வாசற்படியில் நின்றபடியே பார்த்தாள். மீன்காரருக்குக் கை காட்டிய இடத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. கவுனின் கையையும் நீளத்தையும் பார்த்த இடத்தில் சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினாள். முடியும் வரை கண்ணை எடுக்கவில்லை.

"மூஞ்சி மங்கலா இருக்கே தம்பி."

"அது என் தப்புக்கா. அதைச் சரிபண்ண முடியாது."

"இருக்கட்டும். என்னைத் தெரியாதவங்க இந்த ஊர்ல யாரு இருக்கா? இதையே போடு." கதவை முழுசாகத் திறந்தாள். "உள்ள வா. நேத்துத் தண்ணிகூடக் குடுக்காம அனுப்பிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அதைப் போட்டார்கள். ஹாரன் சத்தத்துக்குப் பின்வரிசை சிரித்தது. மழை வந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கோயில்குட்டி எழுந்து மணிக்கயிற்றுப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

ஆராதனை முடிந்ததும் போதகர் ஞானதுரையை ஓரமாக அழைத்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"ஏன் ஓய், மங்கலா இருக்கு, ஹாரன் அடிக்கி, அதைக்கூட விட்ருவோம். சாட்சின்னா கடைசியில ஒரு ஸ்தோத்திரமாவது வேண்டாமா?"

"அந்த அக்கா அன்னைக்குச் சொல்லலை ஐயா" என்றார் ஞானதுரை.

போதகர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வேறு ஆளிடம் பேசப் போனார்.

பக்கத்தில் நின்ற பியூலா வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நல்லா வந்தது என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. கேட்கவும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை கல்யாணக் கோயிலில் அவர் வழக்கம்போல் லைட்டை எடுக்கப் போனார். அது பியூலாவின் கையில் இருந்தது.

"இது என்ன கூத்து!" என்றார் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர். "முதலாளியம்மா லைட்டு பிடிக்கா, லைட் பாய் கேமரா பிடிக்காரு!"

ஞானதுரை காதில் வாங்கவில்லை. ஃபோகஸை மூன்று தடவை பார்த்துக்கொண்டார். பெண் நடந்து வந்தது கேமராவில் நன்றாக விழுந்தது. உடன்படிக்கை சொன்னது நன்றாக விழுந்தது. போதகர் தாலியை ஜெபித்துக் கொடுத்தார். மாப்பிள்ளை கையை உயர்த்தினார். சபை எழுந்து நின்று கீர்த்தனையைத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து, பெண்ணின் தலையில் கிடந்த நெட் முக்காட்டை ஒதுக்கிவிடுகிறேன் என்று பெரியம்மா ஒருத்தி பாய்ந்து வந்து குறுக்கே நின்றாள். அகலமான பெரியம்மா. ஞானதுரை இடப்பக்கம் போனார், அவளும் இடப்பக்கம் அசைந்தாள். வலப்பக்கம் போனார், அவளும் வந்தாள். அவள் விலகியபோது தாலி ஏறிவிட்டது. நாத்தனார் முடிச்சும் போட்டாகிவிட்டது.

பெண்ணின் தாய்மாமன் ஓடி வந்தார். "விழுந்துச்சா?"

ஞானதுரை தலையை ஆட்டினார். இல்லை என்று.

"அதனால என்ன? மாப்பிள்ளையை மறுபடி கட்டுத மாதிரி பிடிக்கச் சொல்லுவோம். எல்லாக் கல்யாணத்துலயும் செய்யுததுதான. ஏ மாப்பிள்ளே, கையைத் தூக்குங்க!"

மாப்பிள்ளை தயாராகக் கையைத் தூக்கினார். பெண்ணும் கழுத்தைத் தாழ்த்தினாள். கீர்த்தனை பாடியவர்கள் பாட்டை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

ஞானதுரையின் நெற்றியிலிருந்து வேர்வை கேமராவின் மேல் சொட்டியது.

"வேண்டாம் மாப்பிள்ளே" என்றார். "கட்டியாச்சுல்லா. கையை இறக்குங்க."

தாய்மாமன் அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்துவிட்டுப் போனார். சபை விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பிடித்தது.

ஞானதுரை எடுத்ததை மறுபடி ஓட்டிப் பார்த்தார். தொடக்கம் முதல் முடிவு வரை பெரியம்மாவின் முதுகு. மாம்பழ மஞ்சள் பட்டு, பச்சைக் கரை. அவ்வளவுதான். முகம் செத்துப் போனது. கேமராவைப் பியூலாவின் பக்கம் திருப்பினார்.

"எம்மா, ஒண்ணுமே விழலை. பெரியம்மா முதுகுதான் விழுந்திருக்கு. இப்போ என்ன செய்ய?"

பியூலா லைட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு, குனிந்து பொறுமையாகப் பார்த்தாள்.

"சேலை நல்லாருக்கு அண்ணாச்சி" என்றாள்.